விழப் பழக்கிய அக்னெஸ்

அக்னெஸுக்குப் பயம் என்பது வேலைக்குப் போகும்போது தோளில் கொளுவிக்கொண்டு போகிற கைப்பை மாதிரி. மறந்து வீட்டில் விட்டுவிட்டால், பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவாள். கனடாவில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், அக்காடி மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில் அவளுடைய வீடு. சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர்கோட்டுகளுக்கு ஜிப் தைக்கிறாள். கணவர் அருமைராசாவுக்குப் பிளாஸ்டிக் வாளி வார்க்கிற இடத்தில் வேலை. ஒரே பிள்ளை றெனோல்ட்.

மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஒரு பின்னேரம் தெருவில் சைரன் ஊதியது. அக்னெஸ் சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டாள். சோறு கருகிப் புகை கிளம்பி, கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் வந்து கதவைத் தட்டி, பனி அள்ளுகிற வண்டி வருகிறது, தெருவில் நிற்கிற கார்களை எடுக்கச் சொல்லி ஊதுகிறார்கள் என்று சைகையால் விளங்கப்படுத்தும்வரை அவள் வெளியே வரவில்லை. அருமைராசா இதைப் பிறந்தநாள் வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்.

"எங்களட்டைக் காரே இல்லை. அதுக்குள்ளை இவ கட்டிலுக்குக் கீழை."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அக்னெஸ் பேயை நேரில் கண்டவள். யாழ்ப்பாணத்துக்கு மேலே குண்டுவீச்சு விமானங்கள் வரத் தொடங்கிய காலத்தில் அவர்கள் பாசையூரில் இருந்தார்கள். றெனோல்டுக்கு அப்போது நாலு வயது. அருமைராசாவின் கடைசித் தம்பி அம்புறோஸ், இருபத்திரண்டு வயதுப் பெடியன், முற்றத்தில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்தான். எல்லாரும் குப்புற விழுந்து படுத்தார்கள். அவன் மட்டும் "அது அங்காலை போகுது" என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றான். குண்டுத் தகடு நின்றவனைத்தான் வெட்டியது. படுத்தவர்கள் எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள்.

அன்றிலிருந்து அக்னெஸ் மகனைப் பழக்கத் தொடங்கினாள். பின்னேரச் செபமாலைக்கு முன் பத்து நிமிடம் என்றுதான் ஆரம்பம். "படு!" என்று கத்துவாள். பிள்ளை எங்கே நின்றாலும் கையில் என்ன வைத்திருந்தாலும் அந்த இடத்திலேயே விழவேண்டும். முழங்கைகளை ஊன்ற வேண்டும், நெஞ்சு நிலத்தில் முட்டக் கூடாது, விரலால் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும். பிறகு நேரம் காலம் பார்க்காமல் கத்தினாள். சாப்பிடும்போது கத்தினாள், கிணற்றடியில் கத்தினாள். பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு அவனைச் சேற்றில் விழுத்திவிட்டு, "கெட்டிக்காரன்" என்று தூக்கிக் கொஞ்சினாள். இப்படி ஐந்து வருடம். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அந்தச் சுடுகாட்டைத் தள்ளிப் போடத்தான் அவள் தொட்டிலிலேயே பழக்கினாள்.

அவனுக்கு ஒன்பது வயதானபோது ஒருநாள் அது பலித்தது. கோயில் வீதியால் நடந்து வரும்போது விமானம் இரைந்து வந்தது, அவள் கத்தினாள், அவன் விழுந்தான். எழும்பிப் பார்த்தால், அவன் தலை இருந்த உயரத்தில் மதிலில் கையகலத்துக்கு ஒரு பொத்தல். தன் ஆயுளில் தான் செய்த ஒரே கெட்டித்தனம் அதுதான் என்று அக்னெஸ் நம்பினாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

அந்த வருடமே அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். இனி மொன்றியல் கதை. பதினான்கு வயதில் றெனோல்ட் வீடு வீடாக விளம்பரத் தாள் பை போடுகிற வேலைக்குப் போனான். அந்தப் பகுதி வீடுகளுக்கு மேல்மாடிப் படிகள் வெளிப்புறத்தில்தான் இருக்கும். பனிக்காலத்தில் கண்ணாடி மாதிரி ஐஸ் பிடித்துக் கிடக்கும். ஏறினால் வழுக்கி விழுந்து மண்டை உடையும் என்று அக்னெஸ் அவனை ஏறவிடவில்லை. அதனால் அவன் நடைபாதையில் நின்றபடியே மூன்றாம் மாடி பல்கனிக்கு எறியப் பழகினான். பை கதவடியில் போய்ப் பூப்போல இருக்கும். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஒருவர் தன் பல்கனிக்கு வந்து சேர்ந்த பையைக் கண்டு, இதை எறிந்த கை யாருடையது என்று இறங்கி வந்து பார்த்தார். ஆக, பிள்ளையை எறிகாரன் ஆக்கியதும் அக்னெஸின் பயம்தான்.

2004இல் அவன் செஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், சேர்ந்தபோது ஃபுட்போல் அணிக்கு எடுத்துவிட்டார்கள். அக்னெஸ் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள். காலால் உதைக்கிற பந்து என்று நினைத்துத்தான் வைத்தாள். பாசையூரில் எல்லாரும் ஆடுகிற விளையாட்டு, அதில் என்ன பயம் இருக்கிறது! பிறகு ஒருநாள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாள். ஆளுக்கொரு இரும்புச் சட்டிபோலத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, மாடு மாதிரி ஆட்கள் ஒருவரை ஒருவர் முட்டினார்கள். பந்தை ஒருத்தரும் உதைக்கக் காணோம். இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் அதுதானாம்.

அவளுடைய மகன் குவாட்டர்பேக். அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தூரத்தில் ஓடுகிற தன் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து எறிகிறவன். அதற்கு அவனுக்குக் கிடைப்பது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடிக்குள் அவனைச் சாய்த்துவிடவேண்டும் என்று எதிர் அணியில் நாலைந்து பேர் பாய்ந்து வருவார்கள். தன் பக்கத்து ஐந்து பேர் முன்னால் நின்று தடுப்பார்கள். தடுப்பு உடைந்தாலும் அவன் வருகிறவனைப் பார்க்கக் கூடாது. தூரத்தைத்தான் பார்க்கவேண்டும், நிமிர்ந்து நிற்கவேண்டும். மொன்றியலில் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ விளையாட்டு விளையாடுகிறார்கள். என்ர பிள்ளைக்கு மட்டும் நிக்கிற வேலையோ வாய்க்கவேணும் என்று அவள் மாதாவிடம் சண்டை பிடித்தாள்.

ஆனால் றெனோல்ட் நிற்கவில்லை. அதுதான் சிக்கல். தனியாக எறியச் சொன்னால் ஐம்பது யார், அதாவது நூற்றைம்பது அடி தூரத்தில் இருக்கிற குப்பை வாளிக்குள் போடுவான். பக்கத்தில் யாராவது உரத்துக் கத்தினால் போதும், பந்தோடு குப்புற விழுந்துவிடுவான். கூட விளையாடுகிறவர்கள் அவனுக்குக் கால்மிதி என்று பெயர் வைத்தார்கள்.

எறிகாரரைப் பழக்குகிறவர் பெல்மார் என்ற கணித ஆசிரியர். மெலிந்த மனிதர், அவருடைய பயிற்சிகள் ஊரில் இல்லாதவை. பழைய மெத்தையின்மேல் நிற்கவைத்து எறியச் சொல்வார், கால் ஆடினாலும் கை ஆடக் கூடாதாம். பந்தைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கிக் கொடுப்பார். உயரமானவர்களுக்கு மேலால் எறிந்து பழக, நாலு பேரை வீடு கூட்டுகிற தும்புத்தடி தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். டெனிஸ் பந்துகளால் முதுகில் எறிந்துகொண்டே பெருக்கல் வாய்பாடு கேட்பார். றெனோல்ட் மெத்தையில் நின்றான், வாய்பாடும் சரியாகச் சொன்னான். யாரோ ஒருத்தன் கத்தியதும் மெத்தையிலேயே விழுந்து, முழங்கையை ஊன்றி, காதைப் பொத்திக்கொண்டான்.

பெல்மார் குனிந்து அந்தக் கிடையை நெடுநேரம் பார்த்தார். "பயந்தவன் சுருண்டு விழுவான். இது சுருளவில்லை. யாரோ உனக்கு இதைப் படிப்பித்திருக்கிறார்கள். யார்?" என்று கேட்டார்.

"என்னுடைய அம்மா" என்றான் றெனோல்ட்.

பெல்மார் அவளை அழைத்துவரச் சொன்னார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, கோட்டில் நூல் ஒட்டியபடி அக்னெஸ் மைதானத்துக்குப் போனாள். பிள்ளையை நன்றாக வளர்த்ததற்குப் பாராட்டப் போகிறார்கள் என்றுதான் அவளுக்கு எண்ணம். தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சில் "போன்ஜூர்" சொன்னாள். அவனுக்கு என்ன பழக்கினாய், காட்டு என்று அவர் கேட்டதும் அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அணி முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, இடுப்பில் கையை வைத்து ஒரே ஒரு தரம் கத்தினாள்.

"படு!"

ஆறடி உயரப் பெடியன் புல்லில் விழுந்தான். முழங்கை ஊன்றியிருந்தது, வாய் திறந்திருந்தது. ஒன்பது வருடமாக அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, ஆனாலும் ஒன்றும் பிசகவில்லை. அக்னெஸ் பெருமையோடு எல்லாரையும் பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கால்மிதி என்று பெயர் வைத்தவன்கூட நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மிக நேர்த்தியாகப் பழக்கியிருக்கிறாய், மதாம். இனி அதை நீயேதான் திருப்பி எடுக்கவேண்டும்" என்றார் பெல்மார்.

அக்னெஸ் "நோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வீட்டில் அன்றைக்கு ஒரே அமளி. விசர் விளையாட்டு, விசர் வாத்தியார், நாளைக்கே நிறுத்து என்று சத்தம் போட்டாள்.

"பிள்ளையின்ர உயிர் கிடக்கிறதே அதிலைதான். அதைக் கழட்டித் தரட்டாம். நல்ல கதை!"

றெனோல்ட் பொறுமையாக இருந்து கேட்டான். அவனுடைய தமிழ் அடிக்கடி தடக்கும், ஆனாலும் அன்றைக்குச் சொல்லவேண்டியதை ஆறுதலாகச் சொன்னான்.

"அம்மா, இஞ்ச விழுந்தால்தான் ஆபத்து. நான் தலையைக் குனிஞ்சு விழேக்கை, ஓடி வாறவனாலை நிக்க ஏலாது. அவன் என்ர கழுத்திலைதான் விழுவான். நிமிர்ந்து நிண்டு அடி வாங்கினால் நோகும், அவ்வளவுதான். குனிஞ்சு வாங்கினால் கழுத்து முறியும். டொக்டரும் சொன்னவர்."

"அப்ப விளையாடாதை."

"விளையாடுவன்."

அக்னெஸ் அருமைராசாவைப் பார்த்தாள். அவர் அம்புறோஸின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் விளையாடத்தான் போறான். என்னண்டு விளையாடுறது எண்டதுதான் இனி உம்மட கையிலை" என்று மெல்லச் சொன்னார்.

அந்த இரவு முழுக்க அவள் இரண்டு சாவையும் மாறி மாறிப் பார்த்தாள். படுத்தால் கழுத்து முறியும், நின்றால் தகடு வெட்டும். இந்த நாட்டில் தகடு இல்லை என்று புத்தி சொன்னது. புத்தி சொல்வதை வயிறு கேட்டால்தானே! கடைசியில் கழுத்துத்தான் கிட்ட இருந்தது. கிட்ட நிற்கிற பயத்துக்கு அவள் கீழ்ப்படிந்தாள்.

செப்டம்பரில் தொடங்கி ஆறு கிழமை, செவ்வாயும் சனியும் அக்னெஸ் பயிற்சிக்குப் போனாள். பெல்மார் அவள் கையில் ஒரு தும்புத்தடியைக் கொடுத்தார், நுனியில் தலையணை கட்டியிருந்தது. றெனோல்டுக்கு ஐந்தடி பின்னால் அவள் நிற்கவேண்டும். அவன் பந்தைத் தூக்கியதும் "படு!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய்த் தலையணையால் முதுகில் அடிக்கவேண்டும். தூரத்தில் ஒருவர் தூக்கிக் காட்டுகிற துணியின் நிறத்தைச் சொல்லிக்கொண்டே அவன் எறியவேண்டும். முதல் நாள் முப்பது தரம் கத்தினாள், முப்பது தரமும் விழுந்தான். ஒவ்வொரு தரமும் விழுந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல், அதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

இரண்டாம் கிழமை முழங்கால் மட்டும் மடிந்தது. மூன்றாம் கிழமை உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது, ஆனால் கால் நின்றது. அவன் நின்ற முதல் தரம் பெல்மார் தொப்பியைக் கழற்றி எறிந்து ஆடினார். அணி முழுக்கக் கைதட்டியது. அக்னெஸ் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றாள். பெற்ற பிள்ளையின் சட்டைப்பைக்குள் கைவிட்டு எதையோ களவெடுத்தவள்போல இருந்தது அவளுக்கு.

தமிழ்ப் பூசைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனமே செய்தாள். "சுவாமி, நான் பொய்க்குக் கத்துறன். உயிர் காக்கிற சொல்லை விளையாட்டுக்குச் சொல்லுறன்" என்றாள்.

பூசை வைத்த நீக்கிலாப்பிள்ளை சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொய் சொல்லாதே எண்டு கட்டளை இருக்குப் பிள்ளை. பொய்க்குக் கத்தாதே எண்டு இல்லை. போய்ப் பயப்பிடாமல் கத்து" என்றார்.

அவள் கத்தினாள். பயப்படாமல் கத்தவில்லை, பயந்து பயந்து கத்தினாள். அதனால்தான் அந்தப் பயிற்சி பலித்தது என்று பெல்மார் பிறகு சொன்னாராம். வேறு யார் கத்தினாலும் நடிப்பு என்று தெரிந்துவிடும், அவளுடைய குரலில் ஒவ்வொரு தரமும் உண்மையான விமானம் வந்தது. ஆறாம் கிழமை முடிவில் றெனோல்டின் தோள்கூட அசையவில்லை. அவள் தொண்டை கிழியக் கத்தி முதுகில் அடிக்க, அவன் "சிவப்பு" என்று சொல்லிவிட்டு, வாளிக்குள் பந்தைப் போட்டான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, பகல் இரண்டு மணிக்கு, லவாலில் இருந்து வந்த அணியோடு அரையிறுதி ஆட்டம். குளிர் தொடங்கிவிட்டது. அருமைராசா தேத்தண்ணீர்ப் போத்தலோடு அலுமினிய ஆசனத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அக்னெஸ் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பந்து எங்கே போகிறது, யாருக்கு எத்தனை புள்ளி, ஒன்றும் அவளுக்கு வேண்டாம். பன்னிரண்டாம் இலக்கம் போட்ட ஒரு முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தரம் அவனைச் சாய்த்தார்கள். மூன்று தரமும் நிமிர்ந்து நின்று அடி வாங்கி எழும்பினான். வாத்தியார் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று அவளைப் பிடித்திருந்த பயம் கொஞ்சம் தளர்ந்தது.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் அவர்கள் நாலு புள்ளி பின்னால் நின்றார்கள். றெனோல்ட் பந்தை வாங்கிப் பின்னால் போய் வலப்பக்கம் பார்த்தான். இடப்பக்கம் அவனைக் காக்க நின்ற பெடியன் ஈரப் புல்லில் சறுக்கி விழுந்தான். விழுந்தவனைத் தாண்டி ஒருத்தன் வந்தான். ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு ஆள். அவனைத் தடுக்க இடையில் ஒருவரும் இல்லை. றெனோல்டின் முதுகுக்குப் பின்னால் வந்தான், றெனோல்டின் கண்ணுக்கு அவன் தெரியவில்லை.

அக்னெஸுக்குத் தெரிந்தது. ஆறு கிழமையும் தும்புத்தடியும் ஒரு நொடியில் அவள் மனத்திலிருந்து போய்விட்டன. கழுத்து முறியும் என்ற கதையும் போய்விட்டது. பாசையூர்த் தெருவில் எப்படிக் கத்தினாளோ அப்படியே எழும்பி நின்று கத்தினாள்.

"படு! றெனோல்ட்! படடா, படு!"

மைதானம் முழுக்கக் கேட்ட குரல். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றெனோல்ட் அசையவில்லை. தோளைக்கூடத் திருப்பவில்லை. கையை நிதானமாகப் பின்னுக்கு இழுத்து எறிந்தான். பந்து கையை விட்ட அதே கணத்தில் அந்த ஆள் அவன் முதுகில் மோதினான். இரண்டு உடம்பும் சேர்ந்து நிலத்தில் விழுந்த சத்தம் மேல் ஆசனம்வரை கேட்டது.

எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். அது ஐம்பது யாருக்கு அப்பால் றெனோல்டின் அணிக்காரன் ஒருவனுடைய கைக்குள் விழ, அவன் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டான். ஆறு புள்ளி. சனம் துள்ளிக் குதித்தது. அக்னெஸ் ஒருத்திதான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் இலக்கம் குப்புறக் கிடந்தது, எழும்பவில்லை.

படிகளில் எப்படி இறங்கினாள், வேலிக் கதவை எப்படித் திறந்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குத் தெரியாது. போய்ச் சேரும்போது டொக்டர் அவனை நிமிர்த்தி இருத்தி, கழுத்தைத் தடவி, விரல்களை அசைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு அடைத்ததுதான், வேறொன்றுமில்லை. பெல்மார் கண் கலங்க ஓடி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, "பிராவோ, மதாம், பிராவோ" என்று குலுக்கினார்.

அக்னெஸ் கையை இழுத்துக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். அவன் வாயோரம் மண் ஒட்டியிருந்தது.

"தம்பி, நான் கத்தினது கேட்டதோ?"

"ஓம் அம்மா. வடிவாக் கேட்டது."

"பேந்து ஏனடா படுக்கேல்லை?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பெரிய ஒரு பரிசைக் கொண்டுவந்து கொடுத்தவனைப் போல அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்கள் கத்தினால் நிக்கவேணும் எண்டுதானே பழகினது. முதலிலை யாரோ வருகினம் எண்டு சாடையா விளங்கினது. கொஞ்சம் தள்ளுவம் எண்டுதான் பாத்தன். உங்கட குரல் கேட்டதும் கால் அப்பிடியே நிண்டிட்டுது."

அப்போதுதான் அக்னெஸுக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் அவன் அந்தச் சொல்லை மறந்துவிடுவான் என்றுதான் பயந்தாள். அவன் மறக்கவில்லை. அவள் உயிரைக் கொடுத்துக் கத்தினால் அவன் இனி நிற்பான். தெருவில் கார் வந்தாலும், மெத்ரோவில் ஒரு விசரன் கத்தியோடு வந்தாலும், தாயின் குரல் கேட்ட இடத்தில் அசையாமல் நிற்பான். அவளே பழக்கியது.

"எழும்பி வீட்டை வா" என்றாள். அவன் எழும்பினான். தலைக்கவசத்தைப் போட்டு, பட்டியை இறுக்கிக்கொண்டு, மற்றவர்கள் நின்ற பக்கம் ஓடினான். ஆட்டம் முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

யாரோ அவளை மரியாதையாக ஆசனத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். அருமைராசா அவளுடைய மனம் அறியாமல் வாயெல்லாம் பல்லாக நின்றார். "கத்துமன், இஞ்சேர்! எல்லாரும் கத்துகினம். உம்மட பிள்ளையெல்லே!" என்றார்.

கீழே றெனோல்ட் மறுபடி பந்தை வாங்கினான். இடப்பக்கத்தால் அந்தப் பெரிய ஆள் மறுபடி வரத் தொடங்கினான். அக்னெஸின் தொண்டைவரை அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.